இன்ஸ்பெக்டரின் கையெழுத்தைத் தட்டியவள்

என் மனைவி போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தாள். ரைட்டர் என்றதும் கதை கிதை எழுதுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். வருகிற புகார், போகிற கடிதம், கோர்ட்டுக்கு அனுப்புகிற அறிக்கை எல்லாவற்றையும் உட்கார்ந்து தட்டுகிற ஏட்டு. திருடனை ஓடிப்பிடித்ததில்லை. துப்பாக்கியைப் பயிற்சியின்போது தொட்டதோடு சரி. கழுத்து வலியும், மேசை இழுப்பறையில் ஒரு தைல பாட்டிலும்தான் இத்தனை வருஷ சேவைக்குக் கிடைத்த பதக்கங்கள்.

ஆனால் அந்தச் சீருடை மேல் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். வீட்டில் என் சட்டைக்குப் பித்தான் தைக்க மாதக்கணக்கில் நேரம் கிடைக்காது. தன் சீருடையை மட்டும் தினமும் தானே தேய்த்துப் போட்டுக்கொள்வாள். நான் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது லிஃப்ட் பாதியில் நின்று நாலு பேர் உள்ளே கத்தினால்தான் எனக்குப் பிழைப்பு. மாதம் தவறாமல் வந்தது அவள் சம்பளம்தான். அந்த வேலை எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. அருவருப்புதான் ஆறவில்லை.

ஸ்டேஷன்களில் காகிதம் ஒழிந்து எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் டிஜிட்டல் கையெழுத்துக் கொடுத்தார்கள். விரல் நீளத்தில் ஒரு டோக்கன். அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் அறிக்கையின் அடியில் பச்சை டிக் ஒன்று விழும். பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் பெயர். அவ்வளவுதான், அவரே பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதை உயிர் மாதிரிக் காப்பாற்ற வேண்டும், யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அந்த வகுப்புக்கும் இன்ஸ்பெக்டர் தனக்குப் பதிலாக என் மனைவியைத்தான் அனுப்பினார்.

டோக்கன் எங்கே இருந்தது தெரியுமா? ஜீப் சாவியோடு ஒரே வளையத்தில், ரைட்டர் மேசைக்குப் பின்னால் இருந்த ஆணியில். ரகசிய எண் இன்ஸ்பெக்டரின் கல்யாணத் தேதி. மனுஷனுக்கு அந்தத் தேதி வருஷா வருஷம் மறந்துபோகும். தினம் பத்துத் தடவை அதைத் தட்டுகிற என் மனைவிதான், "ஐயா, இன்னிக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போங்க" என்று ஞாபகப்படுத்துவாள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். எல்லா ஸ்டேஷனிலும் இதே கூத்துதான் என்பாள். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தில் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

அப்போதுதான் பெட்டிக்கார அம்மாவின் புகார் வந்தது. அட்டைப்பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது. அவரும் புருஷனும் சேர்ந்து ஒரு கொட்டகையில் தொடங்கி, நாற்பது பேர் வேலை செய்கிற அளவுக்கு வளர்த்தது. புருஷன் போன பிறகு பாதி இந்த அம்மா பெயரில், பாதி கொழுந்தன் பெயரில். "வரி கட்டறதுக்குத்தான் அண்ணி" என்று சொல்லி, கொழுந்தன் அந்த அம்மாவைச் செல்போன் கேமரா முன்னால் உட்காரவைத்து இரண்டு வரி பேசவைத்து, அவர் பெயரில் ஒரு டோக்கன் வாங்கினான். டோக்கன் அந்த அம்மா கைக்கு வரவே இல்லை. நேரே ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனது. அங்கே ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஊரிலுள்ள பாதி முதலாளிகளின் டோக்கன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி அதன் மேல் ரகசிய எண். ரகசியம் என்ற சொல்லுக்கே மானம் இருந்தால் அங்கேயே நாண்டுகொண்டு செத்திருக்கும்.

ஒருநாள் அந்த அம்மா கண் ஆபரேஷன் முடிந்து, ஓய்வெடுத்து, மறுபடி கம்பெனிக்குப் போனபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "நீங்கதான் ராஜினாமா பண்ணிட்டீங்களாமேம்மா" என்றான். விசாரித்தால், ஆபரேஷன் நடந்த அன்றே அவர் ராஜினாமா செய்திருக்கிறார், தன் பங்கையெல்லாம் கொழுந்தனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றின் அடியிலும் பச்சை டிக். இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கவைத்திருந்த மனுஷி எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்?

இதைக் கேட்க ஸ்டேஷன் எதற்கு, சின்னப் பிள்ளை போதும். ஆனால் சட்டம் சின்னப் பிள்ளை இல்லையே. இந்த மாதிரிக் குற்றத்தை இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலே உள்ளவர்களும்தான் விசாரிக்கலாம் என்று ஒரு விதி. ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருந்தார். அவர் தொடக் கூடாது. ஈமெயிலைக் கூடப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைக்கச் சொல்கிற இன்ஸ்பெக்டர்தான் தொடலாம். அவரும் தொட்டார். அதுதான் வினையாகிப் போனது.

ஆடிட்டர் ஆபீஸிலிருந்து அந்த அம்மாவின் டோக்கனைப் பறிமுதல் செய்து கொண்டுவந்தார்கள். துணியில் கட்டி அரக்கு வைப்பதற்கு முன்னால், இது வேலை செய்கிறதா என்று பார்க்கலாமே என்று இன்ஸ்பெக்டருக்கு ஆசை. பிளாஸ்திரியில் இருந்த எண் அழிந்திருந்தது. அவர் தன் கல்யாணத் தேதியைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாவின் பிறந்த தேதி. அப்புறம் ஒன்று இரண்டு மூன்று நாலு. டோக்கன் பூட்டிக்கொண்டது. ஆய்வகத்துக்குப் போய்ப் பல மாதம் கிடந்துவிட்டு, 'பறிமுதலுக்குப் பிறகு தவறான எண் தட்டப்பட்டதால் பூட்டப்பட்ட நிலையில் உள்ளது, எதுவும் சொல்வதற்கில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆடிட்டரோ, கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அந்த டோக்கனை வழங்கிய கம்பெனி வேறொரு நகரத்தில் இருந்தது. அவர்களிடம் விவரம் கேட்டால், விசாரணை அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்தோடு கடிதம் வந்தால்தான் பதில் என்றார்கள். என் மனைவி ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து, கல்யாணத் தேதியைத் தட்டி, அனுப்பினாள். ஒருத்தர் கையெழுத்தை வேறொருத்தர் எப்படிப் போட்டார் என்று கேட்கிற கடிதம். அதிலும் ஒருத்தர் கையெழுத்தை வேறொருத்தர் போட்டுத்தான் போனது. பதில் வந்தது: வீடியோவில் இந்த அம்மாவே சம்மதம் சொல்லியிருக்கிறார், ஆகவே கையெழுத்து உண்மையானது.

இன்ஸ்பெக்டர் ஒருநாள் நொந்துகொண்டாராம். "அந்தக் காலத்துல கள்ளக் கையெழுத்துன்னா சுழி மாறும், கை நடுங்கினது தெரியும், நிபுணர்கிட்ட அனுப்பி ஆளை அமுக்கிடலாம். இந்தக் கருமத்துல திருடன் போட்டாலும் அதே டிக்கு, சொந்தக்காரன் போட்டாலும் அதே டிக்கு. எதைப் பிடிச்சு ஆட்டறது?"

அதில் உண்மை இருந்தது, மறுக்கவில்லை. எங்கள் சட்டப்படி டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் உரியவரே போட்டார் என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் கஷ்டம் என்று சொல்லிவிட்டு முயற்சி செய்கிறவன் ஒரு ரகம், கஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவன் இன்னொரு ரகம். ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூட விசாரிக்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெட்டிக்கார அம்மா வாரம் தவறாமல் ஸ்டேஷனுக்கு வருவார். என் மனைவிக்கு எதிரே இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வெளியூரில் ஏதோ பெரிய மனிதரின் பாதுகாப்புக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன் வந்தது. "அந்தப் பெட்டி கேஸை மூடி இன்னிக்கே கோர்ட்டுக்கு அனுப்பிடும்மா. மேல கேக்கறாங்க." இறுதி அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்றும் போனிலேயே சொன்னார். 'டோக்கனையும் எண்ணையும் தானே ஒருவரிடம் ஒப்படைத்தவர், அதன் பிறகு போடப்படும் ஒவ்வொரு கையெழுத்தையும் தானே போட்டதாகவே கருத வேண்டும். குற்றம் எதுவும் நடக்கவில்லை.' என் மனைவி அதைத் தட்டினாள். வளையத்தை எடுத்தாள். கல்யாணத் தேதியின் எட்டு இலக்கங்களையும் தட்டினாள். பச்சை டிக் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் பெட்டிக்கார அம்மா பெஞ்சில் இல்லை, மேசைக்கு அருகில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டாராம்மா?"

"இல்லம்மா. வெளியூர் போயிருக்காரு."

"அப்போ இதுல அவரு பேரு இருக்கே?"

அந்த அம்மா கத்தவில்லை, திட்டவில்லை. திரையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் சீருடையைக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாங்க" என்றாள்.

பெட்டிக்கார அம்மாவின் வக்கீல் சும்மா இருப்பாரா? கேஸை மூடக் கூடாது என்று ஆட்சேபணை போட்டார். ரைட்டருக்குச் சம்மன் வந்தது. "ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடு. கூண்டுல ஏறினவங்க எல்லாரும் சொல்றதுதானே?" என்று இன்ஸ்பெக்டர் தட்டிக்கொடுத்து அனுப்பினார். கூண்டில் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. "இந்த அறிக்கையில இருக்கிற கையெழுத்தைப் போட்டது யாரு?"

"நான்தாங்க" என்றாள்.

"இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் போட்டீங்களா?" என்று அவர் அடுத்ததாகத் தொடங்குவதற்குள் அரசு வக்கீல் குதித்து எழுந்தார். மாஜிஸ்திரேட்டும், "அது இப்ப தேவையில்ல. அதிகாரி கையெழுத்துப் போடாத அறிக்கை அறிக்கையே இல்ல. திருப்பி அனுப்பறேன்" என்று முடித்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதில்தான் சுற்றப்போகிறது.

அடுத்த வாரமே அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுத்தில் புகார் கொடுத்தார்: என் டோக்கனை எனக்குத் தெரியாமல் எடுத்து, என் எண்ணை எப்படியோ தெரிந்துகொண்டு, நான் ஊரில் இல்லாத நேரத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டார். எப்படியோ தெரிந்துகொண்டு! அந்த ஆளின் கல்யாண நாளைக்குப் பூ வாங்கி வந்து மேசையில் வைத்ததும் இவள்தான்.

பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். பெட்டிக்கார அம்மா கேஸில் நொண்டியடித்த சட்டம் இங்கே ஓட்டப்பந்தயம் ஓடியது. ஆய்வகம் உடனே அறிக்கை கொடுத்தது. சாட்சிகள் வரிசையில் நின்றார்கள். குற்றப்பத்திரிகை தயார். அதில் ஒரு வரியை நான் நாலு தரம் படித்தேன். 'டிஜிட்டல் கையெழுத்து இருப்பதாலேயே உரியவர் போட்டார் என்றாகிவிடாது.' அங்கே கையெழுத்து இருக்கிறது, ஆகவே அந்த அம்மாதான் போட்டார். இங்கே கையெழுத்து இருக்கிறது, ஆனால் இன்ஸ்பெக்டர் போடவில்லை. ஒரே சட்டம், ஒரே இலாகா, வாய் மட்டும் இரண்டு. அந்தக் குற்றப்பத்திரிகையின் அடியிலும் ஒரு பச்சை டிக் இருந்தது. அதைத் தட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு ஏட்டம்மா வீட்டிலும் எங்கள் வீட்டுக் கதைதான் நடந்திருக்கும்.

எங்களுக்காக வாதாட வந்த வக்கீல் கெட்டிக்காரர். கேஸ் கட்டைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டுச் சிரித்தார். "கவலையே படாதீங்க. டோக்கனும் நம்பரும் அவரே கொடுத்ததுன்னு காட்டினா போதும். போன் பேசின பதிவு இருக்கு. அவர் லீவுல இருந்த நாள்லயெல்லாம் அவர் கையெழுத்து விழுந்திருக்கு. நம்பிக் கொடுத்துட்டா அவரே போட்ட மாதிரின்னு உங்க ஸ்டேஷன்லயே எழுதியிருக்கீங்களே, அதையே எடுத்து நீட்டுவோம். விடுதலை, வேலை, பாக்கிச் சம்பளம், எல்லாம் வந்துடும்."

எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்து டீ குடிக்கலாமா என்று கேட்டேன். அவள் டீக்கடையைத் தாண்டி நடந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"நம்பிக் கொடுத்தா அவரே போட்ட மாதிரின்னு எனக்குத் தீர்ப்பு வந்தா, அதைக் கொழுந்தனோட வக்கீல் ஃப்ரேம் போட்டு மாட்டிக்குவாரு. அந்த அம்மாவும் கொழுந்தனை நம்பித்தானே விட்டாங்க?"

"அதுக்கு?"

"இன்ஸ்பெக்டருக்குத் தெரியாம நான் போட்டேன்னு ஒத்துக்கிட்டா, உரியவருக்குத் தெரியாமலே இந்தக் கையெழுத்தைப் போட முடியும்னு போலீஸே எழுதி, கோர்ட்டே ஏத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். அந்த அம்மாவோட வக்கீலுக்கு அது போதும்."

எனக்குத் தலையில் இடி இறங்கியது. "உனக்கென்ன கிறுக்கா? யாரோ ஒரு பெட்டிக்காரம்மாவுக்காக நம்ம வயித்துல நாமே அடிச்சுக்கணுமா? அதுவும் பொய் சொல்லி? அந்த ஆளைச் சுத்தமாக்கி?"

"பொய்தான்" என்றாள். "உண்மையைச் சொன்னா எனக்கு வேலை கிடைக்கும், அந்தம்மாவுக்குக் கம்பெனி கேட் மூடிடும். அவங்க கண்ணு முன்னாடியே நான்தாங்க தட்டினேன். அவரு போன்ல சொன்னாரு, சரி. வெரல் என்னோடதுதானே?"

ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதாவது நான் பேசவில்லை. அவள் வழக்கம்போல் தேய்ப்புப் பெட்டியைச் சூடாக்கினாள். தேய்க்கச் சீருடை இல்லை என்று ஞாபகம் வந்ததும் என் சட்டைகளைத் தேய்த்தாள். என் சட்டைகள் கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு மடிப்புக் கண்டதில்லை.

கோர்ட்டில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். "இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா?" என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார். முதல் தடவை வேண்டாம் என்ற கேள்வி, இப்போது தேவைப்பட்டது. "தெரியாதுங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அபராதம் கட்டினோம். வேலை போயிற்று. வெளியே வரும்போது அந்த ஆள் குறுக்கே வந்து நின்று, "பரவாயில்லம்மா, உன்மேல எனக்கு வருத்தமில்ல" என்றார். மன்னிக்கிறாராம்! என் கை முஷ்டியாக மடங்கியது. என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் கணக்கு பிசகவில்லை. அந்தத் தீர்ப்பை வைத்துப் பெட்டிக்கார அம்மாவின் வக்கீல் புது மனு போட்டார். விசாரணை வேறொரு பிரிவுக்கு மாறியது. அங்கே வந்த அதிகாரி ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கேட்டாராம், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கொழுந்தன் மேல் வழக்குப் பதிவானது. கம்பெனியை அந்த அம்மாவிடமே ஒப்படைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. கொழுந்தன் மேல்முறையீடு செய்வான் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த உத்தரவு வாசித்த அன்று என் மனைவி போக வேண்டும் என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். பல மாதம் கழித்து அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் வேறு ஏதோ கேஸுக்காக நின்றிருந்தார். பெட்டிக்கார அம்மா நேரே அவரிடம் போனார். "உங்களைப் போய்த் தப்பா நெனைச்சுட்டேன் சார். உங்க கையெழுத்தையும் திருடிட்டாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது" என்றார். அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

அப்புறம் அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டார். அருகில் வந்தார். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது, என் மனைவியைக் கூர்ந்து பார்த்தார்.

"என் கொழுந்தன்கிட்ட எவ்வளவும்மா வாங்கின?"

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என் கையை அழுத்திய அழுத்தத்தில் விரல்கள் மரத்துப்போயின. இங்கே நான் உண்மையைச் சொன்னால், பக்கத்தில் நிற்கிற யாராவது கேட்டால், மேல்முறையீட்டில் அது கொழுந்தனுக்குத்தான் போய்ச் சேரும்.

"சொல்லும்மா. பொண்ணுதானே நீயும்? நான் வாரா வாரம் உன் முன்னாடிதானே உக்காந்திருந்தேன்? அந்த மனுஷனுக்குத் தெரியாம என் கேஸை மூட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"தப்புதாம்மா" என்றாள் என் மனைவி. "மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா மன்னிக்கவில்லை.